வானில் வரும் தலைவலி

கொத்துத் தலைவலி சாதாரணத் தலைவலியன்று. ஒரு பக்கக் கண்ணைச் சுற்றிக் குத்தும், கண்ணீர் வழியும், 15 நிமிடம் முதல் 3 மணி நேரம்வரை வாட்டும். வளைகுடாவில் உழைத்து என்னைப் படிக்கவைக்கும் தாய்மாமனுக்கு இந்நோய் உண்டு. ஊருக்கு வர விமானம் ஏறவே அஞ்சுவார்.

காரணம் நாம் படிக்கும் இயற்பியலே. பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறத்தாழ உதகை மலையில் உள்ள அளவுக்குக் குறைகிறது. ஆக்சிஜன் குறைவு சிலருக்கு வலியைத் தூண்டக்கூடும்.

முகமூடி வழியே நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் தூய ஆக்சிஜன் சுவாசிப்பது கைகண்ட சிகிச்சை. ஆனால், சொந்த ஆக்சிஜன் சிலிண்டரைப் பொதுவாக விமானத்தில் அனுமதிப்பதில்லை. எனவே, மருத்துவர் எழுதித் தந்த சுமட்ரிப்டான் ஊசியை, அவரது கடிதத்துடன் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளல் வேண்டும். வலி வரும் பருவத்தில் மது கூடவே கூடாது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட நான் இவற்றைக் கடிதத்தில் விளக்கினேன். மாமன் மருத்துவரைக் கண்டு, பயணச்சீட்டும் எடுத்துவிட்டார்.