ஒரே கணிப்பொறியில் இரு லினக்ஸ் இயக்கமுறைகள்

கணிப்பொறி விஞ்ஞானத்தில் இந்தியா அடைந்துள்ள முன்னேற்றத்தில் புனே நகருக்குச் சிறப்பான பங்கு உண்டு. 1988-ஆம் ஆண்டில் மத்திய அரசினால் நிறுவப்பட்ட சி-டாக் என்னும் உயர் கணிப்பியல் வளர்ச்சி மையத்தின் தலைமையகம் அந்நகரில் உள்ளது. 1991-இல் அம்மையம் பரம் 8000 என்ற மீத்திறன் கணிப்பொறியை நாட்டுக்கு அளித்தது. நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், கோடத் கிராமத்தருகே, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட வானொலித் தொலைநோக்கி இயங்கி வருகிறது. அது திரட்டும் வானலைகளிலிருந்து விண்பொருள்களின் படங்களை உருவாக்கப் பயன்படும் ஐப்ஸ், காசா முதலிய நிரல்தொகுதிகள் பெரும்பாலும் லினக்ஸ் என்னும் இயக்கமுறையின் மீது ஓடுவன. உலகின் மிக வலிய 500 கணிப்பொறிகளின் பட்டியலில் இடம் பெறுபவை அனைத்தும் 2017 நவம்பர் தொட்டு லினக்ஸையே கொண்டுள்ளன என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கணிப்பொறியின் உறுப்புகளையும் அதில் ஓடும் நிரல்களையும் இணைத்து ஆள்வது இயக்கமுறை. லினக்ஸின் மையப் பகுதியாகிய கர்னலை 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். அதனுடன் தேவையான பிற நிரல்களைச் சேர்த்துப் பல குழுவினர் பல பெயர்களில் வழங்குகின்றனர். டெபியன், உபுண்டு, சென்ட்ஓஎஸ் முதலியன இவ்வகைத் தொகுப்புகள். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக்கின் சென்னைப் பிரிவில் உருவாகி 2007-இல் வெளிவந்த ‘பாஸ்’ என்பது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளிக்கும் நமது நாட்டுத் தொகுப்பு ஆகும்.

இரண்டாவது இயக்கமுறை எதற்கு?

ஒவ்வொரு தொகுப்புக்கும் ஆயுட்காலம் உண்டு. உதாரணமாக, 2014-இல் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 7-க்கான பராமரிப்பு 2024 ஜூன் 30-ஆம் நாளுடன் முடிவுற்றது. அதன்பின் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளை அதனை வெளியிட்டோர் திருத்துவதில்லை. எனினும், ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மூன்றாண்டுகளாகச் செய்துவந்த கணக்கீடுகள் அனைத்தும் அதன் நூலகக் கோப்புகளை நம்பியிருக்கக் கூடும். பழையதை அழித்துவிட்டுப் புதியதை நிறுவினால், அந்நிரல்கள் ஓடாமற் போகலாம். அல்லது ஓடியும், விடைகளின் கடைசி இலக்கங்களில் சிறு வேறுபாடுகள் தோன்றலாம். ஆய்வேடு பாதியில் நிற்கும் வேளையில் இது சிறிய இடர் அன்று.

இத்தகைய நிலையில், பழைய இயக்கமுறையை இருந்தவாறே வைத்துக்கொண்டு, அதன் அருகில் புதியதொன்றை நிறுவுவது தக்க வழியாகும். கணிப்பொறியை முடுக்கும்போது இரண்டில் எது வேண்டும் என்று தெரிந்தெடுத்துக் கொள்ளலாம். ஒரே கணக்கை இரண்டிலும் செய்து, விடைகளை ஒப்பிட்டு, நம்பிக்கை பிறந்தபின் பழையதை விலக்கலாம். அதுவரை பழையதைக் கூடியமட்டும் வலைத்தொடர்பின்றி உபயோகிப்பது நன்று.

இரண்டாவதை நிறுவுவது கடினமன்று. முதலாவதற்குக் கேடு வாராமல் நிறுவுவதிலேயே கவனம் வேண்டும். இவ்வேலையில் நேரும் இழப்புகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் தோன்றுகின்றன. வட்டின் எல்லைகளை மாற்றும் இடம் ஒன்று. இரு முறைகளும் பொதுவாக ஆளும் பொருள்கள் மற்றொன்று. கணிப்பொறி தொடங்கும் வாயில் மூன்றாவது. இவற்றை முறையே ஆராய்வோம்.

எல்லைகளை வகுத்தல்

ஒரு வட்டு என்பது பல புலங்களாகப் பிரிக்கப்பட்ட நிலம் போன்றது. எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வட்டின் தொடக்கத்திலுள்ள அட்டவணை காட்டுகிறது. எம்.பி.ஆர். என்னும் பழைய வகை அட்டவணை நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மட்டுமே இடந்தரும். சுமார் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை அது முழுமையாக ஆளவும் இயலாது. ஜி.பி.டி. என்னும் புதிய வகையில் வழக்கமாக 128 பிரிவுகள் வரை பதிவு செய்யலாம். அதன் நகல் ஒன்று வட்டின் இறுதியிலும் வைக்கப்படுவதால், ஓரிடத்திற் பழுது நேர்ந்தாலும் மீட்க வழியுண்டு.

எல்லை மாற்றத்திற்கு முன் எல்லாக் கோப்புகளையும் வேறொரு வட்டில் நகலெடுத்தல் இன்றியமையாதது. எடுத்த நகலைத் திறந்து பார்த்த பின்னரே அதை நகலென்று கொள்ள வேண்டும்.

இடம் காலியாக இல்லாவிடில், இருக்கும் பிரிவைக் குறுக்க நேரிடும். இங்கு ஒரு முக்கியமான உண்மையை அறிதல் வேண்டும். கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளுள் எக்ஸ்ட்4 என்பதைக் குறுக்கலாம். ஆனால் அப்பிரிவு உபயோகத்தில் இருக்கும்போது குறுக்க இயலாது. ஆதலால் யூ.எஸ்.பி. துண்டிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கி, ஜிபார்ட்டட் போன்ற நிரலால் அதைச் செய்ய வேண்டும். முதலில் உள்ளிருக்கும் கோப்பமைப்பு சுருங்க வேண்டும். அதன்பின் பிரிவின் எல்லை சுருங்க வேண்டும். வரிசை மாறினால் எல்லைக்கு அப்பால் நின்றுவிடும் கோப்புகள் அழிவுறும். ஜிபார்ட்டட் இவ்வரிசையைத் தானே காக்கிறது. தனித்தனிக் கட்டளைகளால் செய்வோர் தாமே காக்க வேண்டும்.

எக்ஸ்.எஃப்.எஸ். என்னும் மற்றொரு அமைப்பைப் பெரிதாக்கலாமேயன்றி, நடைமுறையில் குறுக்க இயலாது. சென்ட்ஓஎஸ் 7 இயல்பாகத் தேர்ந்துகொள்வது இந்த அமைப்பையே. ஆகவே மேற்கூறிய மாணவருக்குத் தக்க வழி, கணிப்பொறியில் இரண்டாவது வட்டு ஒன்றைப் பொருத்துவதாகும். நிறுவும் நேரத்தில் முதல் வட்டின் இணைப்பைக் கழற்றி வைத்தால், தவறான வட்டில் கைவைக்கும் அபாயமே இல்லாமற் போகும்.

நிறுவும் முறை

நிறுவத் தொடங்குமுன், இருக்கும் இயக்கமுறை எவ்வகையில் தொடங்குகிறது என்பதை அறிய வேண்டும். பழைய கணிப்பொறிகள் பயாஸ் வழியாகவும், புதியவை யூ.இ.எஃப்.ஐ. வழியாகவும் தொடங்குவன. லினக்ஸில் ‘சிஸ்’ என்ற அடைவினுள் ‘ஃபர்ம்வேர்’, அதனுள் ‘இ.எஃப்.ஐ.’ என்ற அடைவு காணப்படின், அது யூ.இ.எஃப்.ஐ. வழியே தொடங்கியதாகும். புதியதையும் அதே வகையிலேயே நிறுவ வேண்டும். வகை வேறுபட்டால் ஒன்றின் பட்டியலிலிருந்து மற்றொன்றைத் தொடங்குவது இயலாமற் போகலாம்.

ஒரே வட்டில் நிறுவுவோர், ‘முழு வட்டையும் உபயோகி’ என்ற வழியை விலக்கி, பிரிவுகளைத் தாமே குறிக்கும் வழியை மேற்கொள்ள வேண்டும். காலியிடத்தில் 30 அல்லது 40 கிகாபைட் அளவில் புதிய இயக்கமுறைக்கு ஒரு பிரிவு அமைத்தால் பெரும்பாலும் போதும். யூ.இ.எஃப்.ஐ. கணிப்பொறியில், தொடக்க நிரல்கள் தங்குவதற்கென இ.எஃப்.ஐ. பிரிவு ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதையே புதியதும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அதனை மீண்டும் வடிவமைத்தல் கூடாது. வடிவமைத்தால் பழைய இயக்கமுறையின் தொடக்க நிரல் அழிந்து, அது எழாமற் போய்விடும்.

பொதுப் பொருள்கள்

ஒரே மனையில் இரு குடும்பங்கள் வாழும்போது கிணறும் முற்றமும் பொதுவாவதுபோல, இங்கும் சில பொருள்கள் பொதுவாகின்றன. அவற்றுள் முதலாவது, நினைவகம் போதாதபோது துணைபுரியும் ஸ்வாப் பிரிவு. இரண்டும் ஒரே வேளையில் இயங்குவதில்லையாதலால் அதனைப் பகிர்தல் பொருந்தும். எனினும், டெபியன் வகை நிறுவுநிரல் ஸ்வாப் பிரிவைப் புதிதாக வடிவமைக்கும்போது அதன் அடையாள எண் மாறிவிடும். பழைய இயக்கமுறையோ பழைய எண்ணையே தேடும். அது தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் காத்து நிற்பதற்கு இதுவே காரணமாதல் உண்டு. அதன் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் புதிய எண்ணை எழுதிவிட்டால் தாமதம் நீங்கும். மேலும், நினைவகத்தை வட்டில் எழுதிவைத்து உறங்கும் வசதியை, பகிர்ந்த ஸ்வாப் உள்ள கணிப்பொறியில் உபயோகித்தல் தகாது. ஒன்று உறங்குகையில் மற்றொன்று எழுந்து அந்த இடத்தில் எழுதிவிடும்.

இரண்டாவது, உபயோகிப்போரின் ‘ஹோம்’ அடைவு. இதனையும் பகிர்ந்துவிட்டால் வசதி என்று தோன்றும். ஆனால், ஒவ்வொரு நிரலும் தன் அமைப்புக் குறிப்புகளை அங்கேயே மறைகோப்புகளாக எழுதிவைக்கிறது. புதிய பதிப்பு எழுதிய குறிப்பைப் பழைய பதிப்பு படித்தறிய இயலாமல் தடுமாறும். ஃபயர்ஃபாக்ஸ் உலவி 2019-இல் வெளிவந்த 67-ஆம் பதிப்பு முதல், தன்னினும் புதிய பதிப்பு கையாண்ட குறிப்புகளைப் பழைய பதிப்பு திறவாதபடி தடுத்துவிடுவது இதன் பொருட்டே. ஆகவே ‘ஹோம்’ அடைவுகளைத் தனித்தனியே வைத்து, ஆராய்ச்சிக் கோப்புகளுக்கு மட்டும் பொதுப் பிரிவு ஒன்று அமைப்பதே சிறந்தது. அப்பொதுப் பிரிவைப் பழைய இயக்கமுறையைக் கொண்டு வடிவமைக்க வேண்டும். புதியது, பழைய கர்னலுக்குத் தெரியாத சிறப்புகளைச் சேர்த்து வடிவமைத்துவிட்டால் பழையது அதனைத் திறக்க மாட்டாது.

மற்றொன்று, கோப்பின் உரிமை. லினக்ஸ் கோப்புக்கு உரியவரைப் பெயரால் அல்லாமல் எண்ணால் குறித்துவைக்கிறது. டெபியன் வகையிலும் சென்ட்ஓஎஸ் 7-லும் முதல் உபயோகிப்பாளரின் எண் 1000. சென்ட்ஓஎஸ் 6-லோ அது 500. எண்கள் வேறுபடின், தம் கோப்பையே திறக்க ஒருவருக்கு உரிமை மறுக்கப்படும். அப்போது எண்ணை ஒத்திருக்கச் செய்தல் வேண்டும்.

கடிகாரத்தைப் பொறுத்தவரை தொல்லை இல்லை. லினக்ஸ் தொகுப்புகள் கணிப்பொறியின் கடிகாரத்தை இயல்பாக உலகப் பொதுநேரத்தில் வைத்து, இந்திய நேரத்திற்கு ஐந்தரை மணி கூட்டிக் காட்டுவதால், இரண்டும் ஒத்துப்போகும்.

தொடங்கும் வாயில்

கணிப்பொறி முடுக்கப்பட்டதும் இயக்கமுறைகளின் பட்டியலைக் காட்டித் தெரிந்தெடுக்கச் சொல்வது ‘கிரப்’ என்னும் தொடக்க நிரல். கடைசியாக நிறுவப்பட்ட இயக்கமுறையின் கிரப் வாயிலைத் தன்வசப்படுத்துவது வழக்கம். பழையதைப் பட்டியலிற் காணாமல் அது அழிந்ததென்று பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் அது வட்டில் பத்திரமாகவே இருக்கும். பிற இயக்கமுறைகளைத் தேடிச் சேர்க்கும் ‘ஓஎஸ்-புரோபர்’ என்ற துணைநிரல், 2021-இல் வெளிவந்த கிரப் 2.06 முதல் பாதுகாப்புக் கருதி இயல்பாக நிறுத்திவைக்கப்பட்டிருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதனை இயங்கவிட்டு, ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை இட்டால் பழையது பட்டியலில் தோன்றும். வாயிலைப் புதிய இயக்கமுறையிடமே ஒப்படைப்பது நலம். புதியது பழையதன் அமைப்பை அறியும், பழையது புதியதை அறியாதிருக்கக் கூடும்.

இப்பட்டியல் அது எழுதப்பட்ட நாளின் நிலையையே காட்டும். வாயிலைத் தன்வசம் கொள்ளாத இயக்கமுறையில் கர்னல் புதுப்பிக்கப்பட்டால், மற்றதற்கு அது தெரியாது. ஆகவே அவ்வாறு புதுப்பித்த பின், வாயிலை ஆளும் இயக்கமுறையில் மேற்கூறிய கட்டளையை மீண்டும் இட வேண்டும்.

யூ.இ.எஃப்.ஐ. கணிப்பொறியில் ஒவ்வொரு தொகுப்பும் இ.எஃப்.ஐ. பிரிவில் தன் பெயரால் ஓர் அடைவு வைத்துக்கொள்கிறது. பெயர்கள் வேறாயின் ஒன்றையொன்று தொடுவதில்லை. கணிப்பொறியின் சொந்தப் பட்டியலிலிருந்தும் இரண்டையும் அழைக்கலாம். ஒரே தொகுப்பின் இரு பதிப்புகளாயின், உதாரணமாக இரு டெபியன்களாயின், பின்னது முன்னதன் அடைவின்மேல் எழுதிவிடும். உபுண்டுவும் குபுண்டுவும் ஒரே அடைவுப் பெயரைக் கொள்வதால் அவற்றுக்கும் இது பொருந்தும்.

பிற வழிகளும் இறுதிச் செயலும்

பழைய நிரல் ஒன்றை மட்டும் காக்க விரும்புவோர், மெய்நிகர் கணிப்பொறியினுள்ளோ, கன்டெய்னர் என்னும் தனி உறையினுள்ளோ அதனை இயக்கலாம். வட்டின் எல்லைகளை அவை தொடுவதில்லை. ஆனால் மெய்நிகர் கணிப்பொறி நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். கன்டெய்னரோ வெளியிலுள்ள கர்னலையே பகிர்ந்துகொள்ளும். கணிப்பொறியின் முழு வலிமையும் பழைய கர்னலும் ஒருங்கே தேவைப்படும் பணிகளுக்கு, தனியே நிறுவுதலே உகந்தது.

இரு முறைகளின் விடைகளும் ஒத்து, பழையதன் தேவை தீர்ந்தபின் அதனை நீக்கலாம். நீக்குமுன் வாயில் யாரிடம் உள்ளது என்பதை மீண்டும் உறுதிசெய்ய வேண்டும். வாயிலை ஆள்வது பழையதாயின், அதன் பிரிவை அழித்த கணமே புதியதற்கும் வழி அடைபடும். புதியதன் கிரப்பை முதலில் நிலைநிறுத்தி, ஒருமுறை அதன் வழியே தொடங்கிப் பார்த்து, அதன்பின் பழைய பிரிவைக் காலிசெய்தால், மூன்றாண்டு உழைப்பின் பயன் ஒரு கோப்பும் குறையாமல் புதிய இயக்கமுறைக்கு வந்துசேரும்.