உபயோகமில்லாத ஆராய்ச்சி

சென்ற மாதம் ஒரு நாள் மாலை நமது நண்பர் ஒருவர் மிகுந்த கவலையுடன் நம்மைத் தேடி வந்தார். அவருடைய புதல்வன் இன்ஜினீயரிங் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியிருக்கிறான். நல்ல சம்பளத்தில் உத்தியோகமும் காத்திருக்கிறது. பையனோ, "உத்தியோகம் இப்போது வேண்டாம்; இன்னும் ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று சொல்லிவிட்டானாம்.

"எதைப் பற்றி ஆராய்ச்சி?" என்று கேட்டோம்.

"கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடும் பாஷைகளைப் பற்றியாம். அதிலும் 'டைனமிக்' பாஷைகள் என்று ஒரு ஜாதி இருக்கிறதாம். அவற்றை எப்படி வேகமாக ஓடச் செய்வது என்று யோசிக்கப் போகிறானாம். நீங்களே சொல்லுங்கள், ஸார்! இதனால் நாலு பேருக்கு என்ன பிரயோசனம்?"

இப்படிச் சொல்லிக்கொண்டே நண்பர் தமது செல்போனை எடுத்து, கும்பகோணத்துக்கு ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கேள்விக்குப் பதில் அவர் கையிலேயே இருந்தது. ஆனால் அது ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல. நண்பரிடம் சொன்னதையே நேயர்களுக்கும் இங்கே சொல்லுகிறோம்.

அஞ்சறைப் பெட்டியும் டப்பாக்களும்

கம்ப்யூட்டர், சொன்னதை மட்டும் செய்யும் யந்திரம். அதற்குச் சொல்வதற்கென்று மனிதர் வகுத்த பாஷைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை இரண்டு சமையலறைகளாகப் பாவித்துக்கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும்.

முதல் சமையலறையில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகுக்கு ஓர் அறை, மிளகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை என்று முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. சமையல் செய்பவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டலாம். 'ஸி' முதலிய பாஷைகள் இந்த ரகம். எந்தப் பெயருக்குள் எந்த விதமான பொருள் இருக்கும் என்பதை எழுதுகிறவர் முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.

இரண்டாவது சமையலறையில் அலமாரி நிறையப் பெயர் ஒட்டாத டப்பாக்கள். எதில் எதை வேண்டுமானாலும் போடலாம். இன்று பருப்பு இருந்த டப்பாவில் நாளைக்குச் சர்க்கரை இருக்கலாம். டைனமிக் பாஷைகள் இந்த ரகம். இவற்றில் எழுதுவது சுலபம். மாற்றுவது அதைவிடச் சுலபம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே புதிதாக ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். ஆகையால் புது யோசனைகளைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இவற்றின் மேல் எப்போதுமே பிரியம் அதிகம்.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு தடவையும் டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். "இதையும் அதையும் கூட்டு" என்று சொன்னால் யந்திரம் என்ன செய்யும்? இரண்டும் எண்களானால் 2-ம் 3-ம் 5 ஆக வேண்டும். இரண்டும் சொற்களானால் 'ராம'வும் 'சாமி'யும் 'ராமசாமி' ஆக வேண்டும். எது என்று திறந்து பார்த்த பிறகே காரியம் ஆரம்பமாகும். வினாடிக்குக் கோடிக்கணக்கான தடவை இவ்விதம் திறந்து மூடினால் பத்து மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் தாமதம் உண்டாகிவிடும். ஆகவே "இவை கற்பதற்கும் விளையாடுவதற்கும் சரி, காரியத்துக்கு உதவா" என்ற அபிப்பிராயம் வெகு காலம் நிலைத்திருந்தது.

தூய்மையே தொல்லையாயிற்று

டைனமிக் பாஷைகள் நேற்று முளைத்தவை அல்ல. 1958-ல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில் நுட்ப ஸ்தாபனத்தில் ஜான் மக்கார்த்தி என்ற அறிஞர் 'லிஸ்ப்' என்னும் பாஷையை வகுக்கத் தொடங்கினார். 1970-களில் கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் 'ஸ்மால்டாக்' பிறந்தது. அதே ஆராய்ச்சிசாலையில் 1986-ல் டேவிட் உங்கர், ராண்டால் ஸ்மித் என்ற இருவர் 'ஸெல்ப்' என்று ஒரு பாஷையை வகுத்தார்கள். நமது கதையின் நாயகன் இந்த ஸெல்ப்தான்.

தட்டானிடம் வளையல் செய்யச் சொல்கிறோம். மாதிரிப் புத்தகத்தைக் காட்டி, "இந்தப் படத்தின்படி" என்று சொல்வது ஒரு முறை. கையிலிருக்கும் வளையலைக் கழற்றிக் கொடுத்து, "இதைப் போலவே இன்னொன்று" என்று சொல்வது மற்றொரு முறை. ஸெல்ப் பாஷையில் மாதிரிப் புத்தகமே கிடையாது. இருப்பதைப் பார்த்து இன்னொன்று செய்துகொள்வதுதான். அதோடு, அங்கே சகல காரியங்களும் ஒரு பொருள் இன்னொரு பொருளிடம் 'கேட்டுக்கொள்வதால்'தான் நடக்க வேண்டும். இரண்டு எண்களைக் கூட்டுவதற்குக்கூட, "உன்னுடன் இதைக் கூட்டித் தருவாயா?" என்று முதல் எண்ணைக் கேட்டாக வேண்டும்! தூய்மையில் இதற்கு மிஞ்சிய பாஷை இல்லை. அந்தத் தூய்மையினாலேயே, சாதாரண முறையில் ஓட்டினால், தாமதத்திலும் இதற்கு மிஞ்சியது இல்லை.

உங்கர் அப்போது ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பேராசிரியர். கிரெய்க் சேம்பர்ஸ், ஸ்விட்ஸர்லாந்துக்காரரான உர்ஸ் ஹோல்ஸ்லே முதலிய மாணவர்கள் இந்தப் பாஷையை எடுத்துக்கொண்டார்கள். பாஷையின் சுதந்திரத்தில் ஓர் அணுவும் குறைக்காமல் அதை வேகமாக ஓட்டிக் காட்டுவதென்று முனைந்தார்கள்.

சமையற்காரரின் சாமர்த்தியம்

அவர்கள் கண்ட உபாயம் என்ன? டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டும்படி அவர்கள் யாரையும் வற்புறுத்தவில்லை. சமையல் எப்படி நடக்கிறது என்று உற்றுக் கவனித்தார்கள். எந்த டப்பாவில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்பது சட்டம். ஆனால் நடைமுறையில் கடுகு டப்பாவில் நூற்றுக்குத் தொண்ணூறு நாள் கடுகுதான் இருக்கிறது! பழகிய சமையற்காரர் மூடியைச் சற்றே விலக்கி ஒரு பார்வை பார்ப்பார். கடுகு என்று தெரிந்தால் உடனே தாளித்துவிடுவார். வேறு ஏதாவது இருந்தால் மட்டும் நின்று நிதானமாகத் தேடுவார்.

சென்ற தடவை கண்டதை அந்தந்த இடத்திலேயே ஞாபகம் வைத்துக்கொள்ளும் இந்த முறையை ஸ்மால்டாக் பாஷைக்காகப் பீட்டர் டாய்ச், ஆலன் ஷிப்மன் என்ற இருவர் 1984-லேயே எழுதியிருந்தார்கள். ஸெல்ப் கோஷ்டியார் அதன் மேல் மாடி கட்டினார்கள். ஒரே வளையலைப் பார்த்துச் செய்த வளையல்கள் எல்லாம் ஒரே அமைப்புத்தானே? அந்த அமைப்பை 'மாப்' என்ற பெயரில் ஒரே இடத்தில் குறித்து வைக்கும் முறையை 1989-ல் வெளியிட்டார்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று விதமான பொருள்கள் மாறி மாறி வந்தால், அத்தனையையும் ஞாபகம் வைக்கும் முறை 1991-ல் வந்தது. 'இது இப்படித்தான் இருக்கும்' என்று நம்பிச் செய்த காரியத்தில் பாதி வழியில் நம்பிக்கை பொய்த்தால், பிழை நேராமல் பழைய முறைக்குத் திரும்பும் வித்தையை 1992-ல் விவரித்தார்கள். எங்கே வேலை அதிகமோ அங்கே மட்டும் சிரமம் எடுத்துச் செப்பனிட வேண்டும் என்பதை விளக்கி ஹோல்ஸ்லே 1994-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பலன்? 1991-லேயே சில சோதனைப் புரோகிராம்களில் ஸெல்ப், நன்கு செப்பனிட்ட ஸி-யின் வேகத்தில் பாதியை எட்டிவிட்டது. நம்பிக்கையற்ற பாஷை என்று கருதப்பட்டதற்கு இது அபாரமான வெற்றி.

கைவிட்டார்கள்

ஆனால் வெற்றிக்குப் பரிசு உடனே கிடைத்துவிடுவதில்லை. ஆராய்ச்சிக் கோஷ்டி 1991-ல் ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் கம்பெனிக்குக் குடிபோயிற்று. அங்கே 1995-ல் ஸெல்ப் வேலை நிறுத்தப்பட்டது. அதே வருஷம் அந்தக் கம்பெனி 'ஜாவா' என்ற வேறொரு பாஷையை உலகத்துக்கு அறிமுகம் செய்தது. ஸெல்ப் பாஷையில் எழுதியவர்களோ வெகு சொற்பம். அன்று ஒருவர் கணக்குப் பார்த்திருந்தால், "இத்தனை வருஷமும் வீண்" என்றுதான் எழுதியிருப்பார்.

கணக்கு அதோடு முடியவில்லை. ஹோல்ஸ்லேயும், ஸெல்ப் வேலையில் பங்கு கொண்ட டென்மார்க்குக்காரரான லார்ஸ் பாக்கும் ஒரு சிறு கம்பெனியில் சேர்ந்து அதே வித்தைகளை வளர்த்தார்கள். ஜாவாவுக்கு வேகம் போதாமல் தவித்த ஸன் கம்பெனி, 1997-ல் அந்தச் சிறு கம்பெனியை விலைக்கு வாங்கிற்று! தான் வாசலில் விட்டதைத் தானே பணம் கொடுத்து வாங்கிக்கொண்டது. 'ஹாட்ஸ்பாட்' என்ற அந்த எஞ்சின் 1999-ல் வெளிவந்தது.

இன்னொரு கிளையும் உண்டு. 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் ஒரு பாஷைக்கு முதல் உருவம் கொடுத்தார். அதுதான் 'ஜாவாஸ்கிரிப்ட்'. 'இதைப் போல இன்னொன்று' என்ற முறையை அவர் ஸெல்ப் பாஷையிலிருந்து எடுத்துக்கொண்டார். இணையப் பக்கங்களில் எல்லாம் அது பரவிற்று. ஆனால் ஆமை வேகத்தில் நடந்தது. 2008-ல் கூகிள் கம்பெனிக்காக, டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரில் லார்ஸ் பாக் கோஷ்டியார் அதற்கு 'வி8' என்ற எஞ்சினைச் செய்து முடித்தார்கள். ஸ்டான்போர்டு மாணவர்களின் வித்தைகள் அதில் உயிர்பெற்றன. அதற்குள்ளே 'மாப்' என்ற பெயர்கூட இன்றும் மாறவில்லை.

நண்பரின் கேள்வி

1986-ல் விதைத்தது 2008-ல் வீடுதோறும் வந்து சேர்ந்தது: 22 வருஷம். ஸெல்ப் என்ற மரம் நிற்கவில்லை. அதன் விதைகள்தாம் எங்கும் முளைத்திருக்கின்றன. அந்த மாணவர்கள் தாங்கள் கண்டதை மறைத்து வைக்காமல் கட்டுரைகளாக வெளியிட்டதால்தான் இது சாத்தியமாயிற்று. கம்பெனி கதவை மூடிய பிறகும் கட்டுரைகள் திறந்தே கிடந்தன.

வேலை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 1991-ல் வெளிவந்த 'பைதான்' இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் விஞ்ஞானிகள் வரை கையாளும் டைனமிக் பாஷை. ஓடும்போதே யந்திரத்தின் சொந்தப் பாஷைக்கு மாற்றிவிடும் வித்தை அதன் பிரதான வடிவத்தில் சோதனையாக நுழைந்தது 2024-ல்தான். வேண்டிய டப்பாவுக்கு மட்டும் பெயர் ஒட்டலாமா, அதனால் தாமதம் கூடுமா குறையுமா என்று 2006 முதல் ஒரு பெரிய விவாதம் நடந்து வருகிறது. நண்பரின் புதல்வனுக்கு வேலை இல்லாமல் போகாது!

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட நண்பர், "அப்படியானால் இவன் செய்வதும் 22 வருஷம் கழித்துப் பயன்படும் என்கிறீர்களா?" என்றார்.

அப்படி உறுதி சொல்ல நமக்கு அதிகாரமில்லை. ஸ்டான்போர்டு மாணவர்களுக்கும் யாரும் உறுதி சொல்லவில்லை. இதை ஒப்புக்கொண்டோம். நண்பர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு செல்போனைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது. பையனையும் அழைத்துக்கொண்டு போகிறேன். ஊரில் பாட்டியிடம் அவனே சொல்லிக்கொள்ளட்டும்" என்றார்.

பாட்டிக்குச் சொல்வதானால் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கும்படி பையனுக்குச் சொல்லி அனுப்பினோம்.