ஏழைக்குக் கடன் கொடுத்தால் ஏழ்மை போகுமா?

ஏழை நாடுகளின் வறுமையைப் போக்கப் பணம் எங்கிருந்து வரும், அதை யார் மூலம் எப்படிக் கொடுப்பது என்று ஐக்கிய நாடுகள் சபையும் உலக வங்கியும் பல ஆண்டுகளாக மாநாடு கூட்டிப் பேசி வருகின்றன. நமக்கு எட்டாத பெரிய இடத்துப் பேச்சு என்று அன்பர்கள் நினைக்கலாம். அப்படியல்ல. அந்தக் கேள்விக்கான மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று, நாம் குடியேறி வாழும் இந்த ஹைதராபாத்திலும் சுற்றுவட்ட மாவட்டங்களிலும்தான் நடந்தது. அதில் வெற்றியும் உண்டு, விபத்தும் உண்டு. இரண்டையும் நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. டிப்ளமா முடித்து, தென் மத்திய ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆனால் கடன் என்பது என்ன செய்யும் என்பதை வேலையில் சேர்ந்த நாளிலேயே பார்த்தேன். அந்தக் காலத்தில் கேங்மேன்களுக்குச் சம்பளம் ரொக்கமாகத்தான் வரும். பே கிளார்க் வந்து மேஜை போட்டு உட்காரும்போது, கொஞ்சம் தள்ளி மரத்தடியில் வட்டிக்காரரும் வந்து நிற்பார். கையெழுத்துப் போட்டு வாங்கிய பணத்தில் பாதி அந்த மரத்தடியிலேயே கைமாறிவிடும். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். அதே ஆட்களில் ரயில்வே கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினரானவர்கள், சம்பளத்தில் பிடித்தம் கொடுத்து, பெண் கல்யாணமும் முடித்து, தலைநிமிர்ந்து நின்றார்கள். இருவரும் கடன்காரர்கள்தான். கடனின் விதிதான் வேறு.

பழைய கதை

ஏழைகளை ஒன்று சேர்த்து, அவர்கள் சேமிப்பையே ஆதாரமாக வைத்துக் கடன் கொடுப்பது புதிய யோசனை அல்ல. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே கிராமக் கடன் சங்கங்களை அமைத்தார். அதை ஆராய்ந்து வந்து, சென்னை மாகாணத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1895ல் அறிக்கை கொடுத்தவர் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. 1904ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அந்த அறிக்கை பெரிய தூண்டுகோல். நம் பாட்டிமார் நடத்திய சீட்டும் இந்த வகைதான்.

அண்டை நாடான வங்காளதேசத்தில் 1976ல் முகமது யூனுஸ் என்ற பேராசிரியர், ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குச் சேர்த்து 27 டாலர் கடன் கொடுத்துத் தொடங்கினார். 1983ல் அது கிராமீன் வங்கி ஆயிற்று. அடமானம் கிடையாது, குழுவில் உள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு, வாரத் தவணை. 2006ல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தபோது, வறுமைக்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று என்று உலகமே நம்பியது.

ஆந்திரத்துப் பெண்கள்

இங்கே கதை வேறு விதமாகத் தொடங்கியது. நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி வகுப்புகளில் எழுத்துக் கற்ற பெண்கள், 1992ல் தூபகுண்டா கிராமத்திலிருந்து சாராயத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். அந்தப் போராட்டம் மாநிலமெங்கும் பரவி, 1993ல் சாராயத் தடை வந்தது. சாராயக் கடைக்குப் போன காசு வீட்டில் மிஞ்சியதும், அதை நாளுக்கு ஒரு ரூபாயாகச் சேமிக்கும் இயக்கமாக அந்தப் பெண்கள் மாற்றினார்கள். அதே 1992ல்தான் நபார்டு வங்கி, 500 சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. நம் தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 1989ல், தருமபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கியிருந்தன என்பதை இங்கே பெருமையோடு சொல்ல வேண்டும்.

இந்தக் குழுக்களின் வேலைமுறை எளிது. 10 முதல் 15 பெண்கள் ஒழுங்காகக் கூடுவார்கள், சேமிப்பார்கள், சேமிப்பிலிருந்து தமக்குள் கடன் கொடுத்துக்கொள்வார்கள், திருப்பிச் செலுத்துவார்கள், கணக்கு எழுதுவார்கள். இந்த ஐந்தையும் பஞ்சசூத்திரம் என்பார்கள். உள்கடனுக்கு வட்டி உண்டு. ஆனால் அந்த வட்டி குழுவின் பெட்டிக்கே திரும்பும். சில மாதம் ஒழுங்காக நடத்திக் காட்டினால் வங்கி, குழுவின் பெயரில் கடன் தரும். முதலில் சேமிப்பு, பிறகு கடன். நம் துறையில் சொல்வதானால், முதலில் அடித்தளத்தை இறுக்கிவிட்டுத்தான் வண்டியை ஓடவிடுவார்கள்.

2000ல் உலக வங்கியின் உதவியோடு ‘வெலுகு’ என்ற திட்டம் வந்தது. பிறகு அது ‘இந்திரா கிராந்தி பதம்’ ஆயிற்று. கிராமம், மண்டலம், மாவட்டம் என்று குழுக்களின் கூட்டமைப்புகள் எழுந்தன. ஒழுங்காகத் திருப்பிக் கட்டும் குழுவுக்கு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டியை அரசே ஏற்றுக்கொள்ளும் ‘பாவலா வட்டி’ திட்டமும் வந்தது. நூற்றுக்கு மாதம் கால் ரூபாய் என்று பொருள். 2010 வாக்கில் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ஏறத்தாழ ஒரு கோடிப் பெண்கள் இப்படிக் குழுக்களில் இருந்தார்கள்.

கம்பெனிகள் வந்தன

இந்தத் தயாரான நிலத்தில்தான் நுண்கடன் கம்பெனிகள் இறங்கின. ஹைதராபாத்தே அவற்றுக்குத் தலைநகரம் போல ஆயிற்று. அமெரிக்காவில் வளர்ந்த விக்ரம் ஆகுலா 1990களின் இறுதியில் மேதக் மாவட்டத்தில் எஸ்.கே.எஸ். நிறுவனத்தைத் தொண்டு அமைப்பாகத் தொடங்கினார். பிறகு அது லாப நோக்குள்ள நிதி நிறுவனமாயிற்று. ஸ்பந்தனா, ஷேர் போன்ற பெயர்களும் அப்போது எங்கும் கேட்டன. குழு கட்டுவது, கூட்டத்துக்கு வரப் பழக்குவது ஆகிய கடினமான வேலையை அரசும் தொண்டர்களும் முன்பே செய்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் பணத்தோடு வந்தால் போதும்.

இங்கே ஒரு கணக்கு. 10,000 ரூபாய் கடன், 50 வாரம், வாரம் 225 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் கட்டுவது 11,250. “வட்டி வெறும் பன்னிரண்டரை சதவீதம்தான்” என்று சொல்லலாம். ஆனால் அசல் வாராவாரம் குறைந்துகொண்டே வருகிறது. பாதி ஆண்டுக்கு மேல் அவர் கையில் பாதிப் பணம்கூட இல்லை. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 24 சதவீதத்துக்கு மேல் வரும். விண்ணப்பக் கட்டணம், காப்பீடு என்று முன்கூட்டியே பிடித்தால் அது இன்னும் ஏறும். மரத்தடி வட்டிக்காரரோடு ஒப்பிட்டால் இது குறைவுதான், மறுப்பதற்கில்லை. ஒரே ஒரு கடன் என்றால் சமாளிக்கவும் முடியும். ஆனால் நான்கு கம்பெனியில் நான்கு கடன் என்றால் வாரம் 900 ரூபாய். மழை வந்தாலும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் கட்டியாக வேண்டும்.

அந்தச் சமயம் எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாள் ஒருநாள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தார். உள்ளே மூன்று கடன் அட்டைகள், மூன்று வெவ்வேறு நிறத்தில். “ஒண்ணை அடைக்கத்தான் அம்மா இன்னொண்ணு வாங்கினேன். அதை அடைக்க மூணாவது” என்றார். தொழில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். முதல் கடனில் தையல் மெஷின் வாங்கியிருக்கிறார். இரண்டாவதிலிருந்து தவணைதான் தொழில். அவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், பக்கத்து வீட்டுப் பெண்களே வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். வட்டியைவிட அந்த அவமானம்தான் அவரை வாட்டியது.

2010

முன்னறிவிப்பு இல்லாமல் வந்த விபத்து அல்ல இது. 2006லேயே கிருஷ்ணா மாவட்ட நிர்வாகம் சுமார் 50 நுண்கடன் கிளைகளை இழுத்து மூடியது. அந்தச் சிவப்பு விளக்கை யாரும் மதிக்கவில்லை. 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். பங்குகள் 985 ரூபாய் விலையில் சந்தைக்கு வந்து, சுமார் 1,600 கோடி ரூபாய் திரட்டின. 13 மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏழைகளிடமிருந்து இப்படி லாபம் எடுப்பது தவறு என்று யூனுஸ் வெளிப்படையாகவே கண்டித்தார். பெரிய முதல் வராமல் கோடிக்கணக்கான ஏழைகளை எட்ட முடியாது என்பது ஆகுலாவின் பதில். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் பங்குதாரர் வளர்ச்சி கேட்பார், கிளை மேலாளர் இலக்கு கேட்பார், கடைசியில் அந்த அழுத்தமெல்லாம் குடிசை வாசலில்தான் வந்து இறங்கும்.

அந்த ஆண்டு கடன் தொல்லையால் நேர்ந்த தற்கொலைச் செய்திகள் நாளிதழ்களில் தொடர்ந்து வந்தன. அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கம்பெனிகள் பதிவு செய்ய வேண்டும். வீட்டு வாசலில் வசூல் கூடாது. வாரத் தவணை போய் மாதத் தவணை. வட்டி அசலைத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ நூற்றுக்கு 99 வசூலான இடத்தில் வசூல் பத்துக்குச் சரிந்தது. கட்ட முடிந்தவர்களும் கட்டுவதை நிறுத்தினார்கள். கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்திருந்த வங்கிகள் கையைப் பிசைந்தன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாடெங்கும் நுண்கடன் சுருங்கியதால், ஆந்திரத்துக்கு வெளியே உள்ள மாவட்டங்களில்கூட ஏழைகளின் கூலியும் செலவும் குறைந்தன என்று பிரேசா, கின்னன் என்ற இரு ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். ஓடும் வண்டியில் அவசர பிரேக் போட்டால் நிற்கும், பயணிகளுக்கும் அடிபடும்.

ஆராய்ச்சி சொன்னது

2019ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் தம் குழுவினரோடு இதே ஹைதராபாத்தில் 104 ஏழைக் குடியிருப்புகளில் ஆய்வு நடத்தினார்கள். 52 இடங்களில் ஸ்பந்தனா முதலில் கிளை தொடங்கியது. மற்ற 52ல் பிறகு. வீட்டுக்குப் பொருள் வாங்குவது கூடியது. வெற்றிலை பாக்கு, புகையிலை, டீ வகைச் செலவு குறைந்தது. ஏற்கெனவே நன்றாக நடந்த தொழில்கள் மேலும் லாபம் கண்டன. ஆனால் பிள்ளைகள் படிப்பிலோ, உடல்நலத்திலோ, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருந்த மதிப்பிலோ சொல்லும்படியான மாற்றம் இல்லை. கடன் ஒரு கருவி. தொழில் தெரிந்தவருக்கு அது ஏணி. மற்றவருக்கு வருமானத்தை இன்று முன்கூட்டி வாங்கி நாளை திருப்பிக் கொடுப்பது, அவ்வளவே. பள்ளி, மருத்துவமனை, நிரந்தரக் கூலி ஆகியவற்றின் வேலையைக் கடன் செய்யாது.

பிறகு

ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதன்படி வட்டிக்கும் கடன் அளவுக்கும் வரம்பு வந்தது. 2011லேயே ஆந்திர மாதிரியைப் பின்பற்றித் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் தொடங்கியது. இன்று நாடெங்கும் 10 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் குழுக்களில் இருக்கிறார்கள். அதே ஆண்டு இங்கே பெண்களின் கூட்டமைப்புகள் அரசோடு சேர்ந்து ‘ஸ்த்ரீ நிதி’ என்ற கூட்டுறவுக் கடன் நிறுவனத்தையும் தொடங்கின. குழுக்களுக்கும் நோய் உண்டு. 2014 தேர்தலில் கடன் தள்ளுபடி வாக்குறுதி வந்ததும், ஒழுங்காகக் கட்டிய குழுக்களே கட்டத் தயங்கின.

எஸ்.கே.எஸ். 2016ல் பாரத் ஃபைனான்ஷியல் எனப் பெயர் மாறி, 2019ல் இண்டஸ்இண்ட் வங்கியோடு இணைந்தது. 2022ல் ரிசர்வ் வங்கி வட்டி வரம்பை நீக்கிப் புதிய விதிகள் தந்தது. 2025ல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடும் சட்டம் இயற்றியது. ஆக, கதை இன்னும் முடியவில்லை.

நம் வீடுகளில் வேலை செய்பவர்கள், காவலாளிகள், இஸ்திரி போடுபவர்கள் பலரும் இந்தக் கடன்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய சில விஷயங்கள்:

ஆண்டு வருமானம் 3 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தரும் கடன் நுண்கடன். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வட்டி விவரம் அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைக்கக் கூடாது. மிரட்டினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் புகார்; தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448.

ஓய்வு பெற்ற வங்கி அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சங்க அறையில் உட்கார்ந்தால், ஒரு கடன் அட்டையைப் படித்து உண்மையான வட்டி எவ்வளவு என்று சொல்லிவிடலாம். தகுதியான பெண்ணுக்கு அருகிலுள்ள மகளிர் குழுவுக்கு வழி காட்டலாம். நன்கொடை எதுவும் தேவையில்லை. கால்குலேட்டரோடு நான் வரத் தயார். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.