டேங்கர் லாரியின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கொல்கத்தா நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். சில டேங்கர் லாரிகளில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சிலவற்றில் 'ஃப்ளேமபிள்' மட்டும். 'இன்' சேர்ந்தால் எதிர்ப்பதம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பி, முதல் வண்டி தீப்பிடிக்காது என்று பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்துவிடாதீர்கள்! இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: எளிதில் தீப்பற்றும். லத்தீன் வினைச்சொல்லோடு ஒட்டியே பிறந்த 'இன்' இது. கரெக்டை இன்கரெக்ட் ஆக்குகிற 'இன்' வேறு.

இந்தக் குழப்பம் ஆபத்து என்றுதான் 1920-களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொன்னது. தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்'. நம்ம 'நான்' இல்லை, இங்கிலீஷ் 'நான்'!

எழுத்து குழப்பினாலும் எண் குழப்பாது. டேங்கரில் உள்ள எச்சரிக்கைப் பலகையில் நாலு இலக்க ஐ.நா. எண் ஒன்று இருக்கும். 1203 என்றால் பெட்ரோல், 1202 டீசல், 1075 எல்பிஜி. உலகம் முழுக்க இதே எண்கள்தான். கூடவே இருக்கும் குறியீடு தீயணைப்பு வீரர்களுக்கானது. அது 3-இல் தொடங்கினால் நுரை அடிக்க வேண்டும். 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தால், அக்கம்பக்கத்தாரை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

கவிழ்ந்த டேங்கரைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள். தூரத்திலிருந்தே எண் தெரிந்தால், 112-ஐ அழைக்கும்போது அதையும் சொல்லுங்கள்.