அன்பு இருந்தால் போதுமா? விசேட தேவையுள்ளோரைப் பராமரிப்பவருக்கான தகைமை

போர் தந்த இயலாமை என்றதும் காலை இழந்தவர்களும் பார்வை இழந்தவர்களுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஓட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை வாதம் போன்ற விருத்திக் குறைபாடுகளுடன் வாழ்பவர்கள் அந்தக் கணக்கில் சேர்வது குறைவு. இடம்பெயர்ந்து பதுங்குகுழிக்கும் முகாமுக்குமாக அலைந்த தாயிடம், பிள்ளை எப்போது முதற்சொல் பேசியது என்று கேட்க யார் இருந்தார்கள்? அந்தப் பிள்ளைகள் இன்று இளைஞர்கள். தாய்மாருக்கு வயது போகிறது. "எனக்குப் பிறகு யார்?" என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

அந்தப் பொறுப்பை வெளியார் ஒருவர் ஏற்கும்போது, அவரை எதை வைத்து நம்புவது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், இத்தகைய சேவை நிறுவனங்களைப் பதிவு செய்ய வழி வகுத்திருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் பதிவு வேறு, பிள்ளையின் கையைப் பிடிப்பவரின் தகைமை வேறு. சுவரில் தொங்கும் பதிவுச் சான்றிதழைப் பார்த்ததும் பலர் இரண்டாவதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

தனிநபருக்கான வழி, என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற் தகைமை. ஏழு மட்டங்கள் கொண்ட இந்த முறையில் 'பராமரிப்பாளர்' தொழிலுக்கும் சான்றிதழ் உண்டு. பயிற்சி நெறியைப் பின்பற்றித்தான் பெறவேண்டும் என்றில்லை. அனுபவத்தில் கற்ற திறமையை ஆதாரங்களுடன் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து நிரூபித்தும் பெறலாம். பல வருடங்களாகச் சொந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, வலிப்பு வரும்போது தாங்கிப் பிடித்த ஒரு தாய்க்கு இதைவிட நியாயமான வாசல் இல்லை. அதில் அவருக்கு ஒரு வருமானமும் இருக்கிறது.

ஆனாலும் பராமரிப்பாளர் என்றாலே முதியோரையும் நோயாளரையும் நினைப்பதுதான் நம் வழக்கம். ஓட்டிசம் உள்ள ஓர் இளைஞன் சத்தம் தாங்காமல் தன் தலையில் அடித்துக்கொள்ளும்போது என்ன செய்வது என்பது வேறு பாடம். அதைத் தனியாகத்தான் கற்கவேண்டும். பேச்சுப் பயிற்சி அளிப்பதற்கோ பராமரிப்பாளர் சான்றிதழ் போதாது. அதற்கெனக் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழில் பணியாற்றக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளர்கள் மிகக் குறைவு. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில்தானே பேச்சு வரவேண்டும்! உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நம் மாணவர்கள் மருத்துவத்துக்கு அடுத்ததாக இதையும் யோசிக்கலாம்.

பிள்ளையை ஓரிடத்தில் விடுமுன் பெற்றோர் கேட்கவேண்டியவை சில: பராமரிப்பவர் எங்கே, என்ன பயின்றார்? பிள்ளைக்கென எழுதப்பட்ட திட்டம் உண்டா? முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அங்கே நடந்ததை வீட்டுக்கு வந்து சொல்ல எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்திலுள்ள சமூகசேவை உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம்.