உருளைக்கிழங்கும் மார்கழி இரவும்

சமையலறைக் கூடையில் மறந்துபோன உருளைக்கிழங்கு முளைவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கொல்லையில் புதைத்துப் பார்த்தவர்களும் உங்களில் இருக்கலாம். புதுக்கோட்டையில் ஒரு பங்குனி மாதம் நானும் புதைத்தேன். செடி தழைத்து வளர்ந்தது. தோண்டியபோது கிடைத்தவை கோலிக்குண்டு அளவில் நான்கே கிழங்குகள்!

நீலகிரியிலோ ஆண்டுக்கு மூன்று போகம் விளைகிறது. சித்திரையை ஒட்டிக் கார்போகம், ஆவணியில் கடைபோகம், தையில் நீர்போகம். நம் கொல்லை மட்டும் ஏன் ஏமாற்றுகிறது?

உயரம் செய்யும் வேலை

உதகையும் புதுக்கோட்டையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளவை. ஆகவே பகலின் நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு உயரத்தில்தான். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. புதுக்கோட்டை சுமார் 100 மீட்டர். மேலே செல்லும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. வளிமண்டலத்தில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 14 டிகிரி வேறுபாடு!

இரவில் நடப்பது என்ன?

உருளைக்கிழங்கு வேர் அன்று. மண்ணுக்குள் ஓடும் தண்டின் பருத்த நுனி. பகலில் இலைகள் தயாரிக்கும் சர்க்கரை அங்கே மாவுச்சத்தாகச் சேர்கிறது. ஆனால் இரவிலும் செடி சுவாசிக்கிறது. அதற்குச் சர்க்கரை செலவாகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இச்செலவு ஏறக்குறைய இருமடங்காகும். பகலில் சம்பாதித்ததை இரவில் செலவழித்துவிட்டால் சேமிப்பு ஏது?

இன்னொரு காரணமும் உண்டு. கிழங்கு கட்டும்படி இலையிலிருந்து மண்ணுக்குள் செய்தி கொண்டு செல்லும் ஒரு புரதத்தை 2011-இல் அறிவியலார் அடையாளம் கண்டனர். வெப்பம் மிகுந்தால் இப்புரதம் குறைந்துவிடுகிறது. இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் கிழங்கு நன்றாகக் கட்டும். அதற்கு மேல் போகப் போக இலைதான் மிஞ்சும்.

நமக்குரிய காலம்

நம் மாவட்டத்தில் இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்குவது மார்கழியிலும் தையிலும்தான். நட்ட 30 முதல் 40 நாட்களில் கிழங்கு கட்டத் தொடங்கும். எனவே பின்னோக்கிக் கணக்கிட்டால், கார்த்திகைத் தொடக்கத்தில் நடவேண்டும்; மாசியில் தோண்டலாம். வெப்பத்தைத் தாங்கும் ரகமாக 2006-இல் வெளியிடப்பட்ட குஃப்ரி சூர்யா கிடைத்தால் இன்னும் நல்லது.

கார்த்திகை நமக்கு மழைக்காலம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆகவே உயர்த்திய பார்களின் மேல் நடுங்கள். மழை விட்டபின் வைக்கோல் பரப்புங்கள். வைக்கோலுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பகல் வெயிலில் மண் அதிகம் சூடேறாது. வெளியே தெரியும் கிழங்கை மண்ணால் மூடிவிடுங்கள். ஒளிபட்டுப் பச்சையான கிழங்கில் சொலனின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும், அதை உண்ணக்கூடாது.

இரண்டாம் போகம் உண்டா?

மாசியில் தோண்டியதை உடனே நட்டால் முளைக்காது. புதுக்கிழங்கு ஏறக்குறைய இரண்டு மாதம் உறங்கும். மலைத்தோட்டங்களில் அவசரமானால் ஜிப்பரெல்லிக் அமிலம் போன்றவற்றால் எழுப்புவதுண்டு. இங்கே எழுப்பியும் பயனில்லை. தானாக விழிக்கும்போதோ சித்திரை வந்துவிடும். அப்போது நம் இரவுகள் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. கோடைக்கு வெப்பம் தாங்கும் சர்க்கரைவள்ளிக் கொடியை நடுங்கள்.

கார்த்திகை முதல் தை முடிய வெளியே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, நாள்தோறும் விடியுமுன் அளவைக் குறித்து வாருங்கள். இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை அந்நேரத்தில்தான் இருக்கும். உங்கள் கொல்லையில் உருளை விளையுமா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.