எம்.சி.ஏ. முடித்தவளும் 1960-ஆம் ஆண்டு மொழியும்

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று இன்ஜினியரிங் சேர்க்கைக்கு 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்களே, அந்தக் கணக்கில் நான் எங்கும் வரமாட்டேன். விருதுநகர் பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளி, அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம், அப்புறம் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. இப்போது இரண்டு வருடமாகச் சுருங்கிவிட்ட அந்தப் படிப்பு அப்போது மூன்று வருடம்.

டர்போ சி-யின் நீலத் திரையும் டேட்டா ஸ்ட்ரக்சரும் அங்கேதான் பழக்கமாயின. ஆனால் லேபில் பாதி நேரம், ஓடி முடித்த புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதிக் கையெழுத்து வாங்குவதிலேயே போய்விடும். உண்மையில் எனக்குச் சோறு போட்டது பி.எஸ்ஸி. கணிதம்தான். ஒரு நிரூபணத்தில் மூன்றாம் வரி எப்படி நான்காம் வரியானது என்று விடாமல் துருவும் பழக்கம் அதில் வந்தது.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததும் ஜாவா பயிற்சி கொடுத்தார்கள். புராஜெக்ட் ஒதுக்கும்போது கையில் விழுந்ததோ மெயின்ஃப்ரேம். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் கோபோல் புரோகிராம்கள். கோபோல் 1960-இல் வெளிவந்த மொழி. ஒவ்வொரு வரியிலும் முதல் 6 இடங்களில் கட்டளை எழுதக் கூடாது. 72-ஐத் தாண்டவும் கூடாது. 80 பத்திகள் கொண்ட துளை அட்டைகளில் புரோகிராம் பதித்த காலத்து வழக்கம் அது. அட்டை எப்போதோ போய்விட்டது.

பிரீமியம், கமிஷன், கிளெய்ம் கணக்கெல்லாம் அங்கே ஆபீஸ் மூடிய பிறகு மொத்தமாக ஓடும். அதற்குப் பெயர் பேட்ச். அவர்களுக்கு ராத்திரி, நமக்குக் காலை. அந்த நேர வித்தியாசம் எங்களைப் போன்ற டீம்களுக்கு வேலை வர ஒரு காரணம். பேட்ச் நடுவில் நின்றால் பெரும்பாலும் எஸ் ஜீரோ சி செவன் என்ற பிழைதான்; எங்கள் பேச்சில் ‘சாக் செவன்’. எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். நின்ற நொடியில் நினைவகத்தில் இருந்ததைக் கொட்டிய டம்ப்பைப் பிரித்து, எந்த வரி, எந்த ஃபைல், எந்த பாலிசி என்று பிடிக்க வேண்டும். எழுதியவரைக் கேட்கலாம் என்றால் அவர் ரிட்டயர் ஆகியிருப்பார்.

ஒருநாள் ஒரு விசித்திரமான வரி கண்ணில் பட்டது. வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் 50-க்குக் கீழே என்றால் முன்னால் 20 சேர், இல்லையென்றால் 19 சேர். அசட்டுத்தனம் என்று நினைத்து அழிக்கப் போனேன். டீம் லீட் தடுத்தார்: “ஏம்மா, உடனே கை வைக்காத. எதுக்கு இப்படி எழுதினாங்கன்னு முதல்ல பாரு.” பார்த்தால், ஒய்-டூ-கே சமயத்தில் போட்ட ஒட்டு. வருடத்தை இரண்டு இலக்கத்தில் சேமித்த பழைய ஃபைல்களை மாற்ற நேரமில்லாமல், படிக்கும் இடத்திலேயே நூற்றாண்டை ஊகித்திருக்கிறார்கள். அந்த ஒட்டின் மேல்தான் பல பேருடைய பென்ஷன் தேதி நின்றது.

ஆரம்பத்தில் கோபோல் என்றால் தோழிகள் சிரிப்பார்கள். பிறகு அதே புரோகிராம்களை ஜாவாவுக்கு மாற்றும் புராஜெக்ட் வந்தபோது, இரண்டும் தெரிந்த ஆளைத் தேடினார்கள். டெவலப்பர், லீட், ஆர்க்கிடெக்ட் என்று விசிட்டிங் கார்டு மாறியதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இப்போது இன்டர்வியூ பேனலில் உட்காருகிறேன். காலேஜ் பெயரை நான் கேட்பதில்லை. யாரோ எழுதிய ஒரு பக்க புரோகிராமை நீட்டி, இது என்ன செய்கிறது என்று கேட்பேன். நிறையப் பேர் உடனே பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பிக்கிறார்கள். போன மாதம் பாலிடெக்னிக் படித்த ஒரு பையன் மட்டும் பத்து நிமிஷம் பேசாமல் படித்துவிட்டு, “மேடம், இந்த ஃபைல் எங்கேருந்து வருது?” என்றான்.